சீனி போடாத கோப்பி

அத்தியாயம் 9

கன்னத்தில் இல்லாத மச்சத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தப் படத்தைக் கோலாலம்பூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சிவகாமசுந்தரி நிம்மதியாகத் தூங்கினாளே, அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பண்டார் ஹிலிரில் ஒரு புகைப்படக் கடையில், ஊராருடைய பருவையும் தழும்பையும் நெகட்டிவில் அழிப்பதுதான் அவள் வேலை. மூன்று வருடமாக மற்றவர்களை அழகாக்கியவளுக்குத் தன்னை அவலட்சணமாக்கிக்கொள்ளக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. மச்சமென்றால் சின்ன மச்சமில்லை. கொத்தமல்லி விதை அளவு. அதில் இரண்டு முடி வேறு.

அப்படியும் வருகிறோம் என்று எழுதிவிட்டார்களே, என்ன செய்ய! போகி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூத்தவர்களுக்கு வைக்கும் பார்ச்சுப் படையலுக்கே வந்துவிடுகிறார்களாம்.

"பையனுக்குக் கவர்மெண்டு உத்தியோகம்லா. என்ன உத்தியோகம்னு கேட்டா மட்டும் அவங்கம்மா வானத்தப் பாக்குறா" என்று சிவகாமியின் அம்மா அலமேலு ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். மலாக்காவின் காஜா பெராங் கம்போங்கில் பிறந்து, தமிழ்ப் பள்ளி வாத்தியார் மாணிக்கவாசகத்தைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் வாழ்கிறவள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் மகனுக்கு யார் மேல் கண் என்பது வரை கேட்காமலே தெரிந்து வைத்திருப்பாள். அவளுக்கே ஒரு விஷயம் தெரியவில்லையென்றால் சும்மா இருக்குமா மனசு?

ஆனால் சிவகாமியின் மனசு அன்று காலையில் மாப்பிள்ளையிடம் இல்லை. பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த கடிதத்தில் இருந்தது.

மூன்று மொழி தெரிந்தவர் தேவையென்று பத்திரிகையில் வந்த விளம்பரத்துக்கு யாருக்கும் தெரியாமல் எழுதிப் போட்டிருந்தாள். பதில் போட்டது பெயர் சொல்லாத ஓர் அரசாங்க இலாகா. ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். வெள்ளைக்காரன் போன பிறகு ஊருக்குள் யார் என்ன சதி செய்கிறார்கள் என்று கண்ணும் காதுமாக இருக்க நம் ஆட்கள் வேண்டும். அதற்கு மலாக்காவுக்கு ஒரே ஓர் இடம். ஞாயிறு முழுக்க மனசைச் சோதிப்பார்கள். சொந்தப் பெயர் கூடாது. 'நீங்கள் ருக்மணி, பினாங்கு டீச்சர். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது' என்று எழுதியிருந்தது.

கிடைத்தால் ஆறு மாதம் பயிற்சி. கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடலாம். அது மட்டுமா? மற்றவர்கள் பருவை அழிக்கவே பிறந்த கண்ணில்லை இது என்று அவளுக்கே ஓர் எண்ணம். வேலை எனக்கு வேண்டும், வேண்டும், வேண்டும் என்று பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டாள்.

"கடையில ஒரு கல்யாண ஆல்பம் அவசரம்மா" என்றாள் அம்மாவிடம்.

"ஞாயித்துக்கிழமையா?"

"கல்யாணம் ஞாயித்துக்கிழமை பாத்தா நடக்குது?"

அலமேலு தன் கெபாயா மேல்சட்டையில் ஊசியைக் குத்திக்கொண்டே மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் அண்ணன் ராஜரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரப்பர் கிடங்கில் ஐந்து வருடமாகக் குமாஸ்தா. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவான். தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் மேல் மைக்கூட்டை எறிந்தவன் இவன்தான்.

"ஜாசின்ல தியாகுவுக்குக் காய்ச்சலாம்மா. பாத்துட்டு வந்துடறேன்."

"ரெண்டு பேரும் அஞ்சு மணிக்குள்ள வந்துரணும். வெளிய எதையும் மக்கான் பண்ணிடாதீங்க. நம்ம மூத்தவங்க சாப்பிட்டப்புறந்தான் நமக்கு. கோப்பி தண்ணி குடிச்சுக்கலாம், சோறு மூச்!"

போகியன்று அந்தக் கம்போங்கில் அதுதான் வழக்கம். இறந்துபோன மூத்தவர்களுக்கு இலை போட்டு, பிடித்ததையெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே வீட்டிலுள்ளவர்கள் வாயில் சோறு போகும்.

*

கடற்கரையோரம் காலியாகக் கிடந்த பழைய பங்களாவுக்குள் 'ருக்மணி டீச்சர்' நிமிர்ந்த நடையோடு நுழைந்தாள். கூடத்தில் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியைப் பார்த்ததும் அந்த நடை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஜாசினில் தியாகுவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டிய அண்ணன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்!

ராஜரத்தினத்தின் வாய் பிளந்தது. நல்லவேளை, அதையே கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

"வணக்கம். நான் சுப்பையன். ஈப்போவுல துணிக்கடை" என்றான்.

"வணக்கம். ருக்மணி. பினாங்கு" என்றாள் தங்கை. அடப்பாவி, நீயுமா என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. ஒரே ஓர் இடம். அதற்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்.

சோதனை நடத்த வந்த அதிகாரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. கூடவே ஒரு வெள்ளைக்கார மனோதத்துவ டாக்டர்.

"என் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் நிஜப் பெயர் எனக்கும் தெரியாது. அது உறையில் சீல் வைத்துக் கோலாலம்பூரில் இருக்கிறது. கடைசி வரை வேஷம் கலையாமல் இருப்பதுதான் முதல் சோதனை" என்றார் அதிகாரி.

டாக்டர் மை சிந்திய காகிதங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். அப்பாசாமி என்று பெயர் சொன்னவர் வண்ணத்துப்பூச்சி என்றார். சிவகாமிக்குக் கெபாயாவில் மிளகாய்ச் சம்பால் கொட்டியது போலத்தான் தெரிந்தது. அதையே சொன்னாள். டாக்டர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார். சோதனையில் சிரித்தால் நல்லதா கெட்டதா என்று யாரைக் கேட்பது!

அடுத்தது வசைச் சோதனை. ஒவ்வொருவரையும் நடுவில் நிறுத்தி, அதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். கோபம் வருகிறதா, வேஷம் கலைகிறதா என்று பார்க்கத்தான்.

"சுப்பையன், உன்னைப் பார்த்தால் துணிக்கடைக்காரன் மாதிரியா இருக்கிறது? உருப்படாத பிள்ளை என்று வீட்டில் துரத்திவிட்டார்களா?"

அண்ணனின் கழுத்து சிவந்தது. மேசைமேல் மைக்கூடு இருந்தது. போச்சு, எறியப் போகிறான் என்று சிவகாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வீட்டுல துரத்தல சார். கடையிலதான் துரத்தினாங்க. முதலாளிக்கே நாலு கெஜம் கம்மியா அளந்துட்டேன்" என்று பல்லைக் காட்டினான் ராஜரத்தினம்.

எல்லோரும் சிரித்தார்கள். சிவகாமிக்குப் பெருமை பொங்கி வந்தது. உடனே பயமும் வந்தது. இவன் இப்படியெல்லாம் சமாளித்தால் இடம் இவனுக்கல்லவா போய்விடும்?

*

மத்தியானம் கோழிக்குழம்பும் சோறும் வந்தன. சிவகாமி பழக்கத்தில் தட்டைத் தள்ளி வைத்தாள். தள்ளி வைத்த பிறகுதான் உறைத்தது. எதிரே அண்ணனும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயையோ! இன்றைக்குப் பார்த்துச் சோறு வேண்டாமென்கிறவன் காஜா பெராங்காரனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? ஈப்போ துணிக்கடைக்காரனுக்கும் பினாங்கு டீச்சருக்கும் மத்தியானம் பசிக்காமலா போகும்? அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவகாமி தட்டை இழுத்துக்கொண்டாள். மூத்தவர்களே, மன்னித்துக்கொள்ளுங்கள், வேலை கிடைத்தால் அடுத்த வருடம் இரண்டு இலை அதிகம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் போட்டாள். மூத்தவர்கள் மன்னிப்பார்கள். அம்மாதான் மன்னிக்க மாட்டாள்.

ராஜரத்தினம் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சின்ன வயதில் அவள் வாஜிக் இனிப்பைத் திருடித் தின்றபோது, 'இரு, அம்மாகிட்ட சொல்றேன்' என்று பார்த்த அதே பார்வை. அவன் சாப்பிடவில்லை. பசியில் வயிறு கத்தியும் அசையவில்லை.

இன்னொன்றையும் அவள் கண் விடவில்லை. அதிகாரியும் சோற்றைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, கோப்பி மட்டும் ஊற்றிக்கொண்டார். சீனிக் கிண்ணத்தை யாரோ நீட்ட, புறங்கையால் தள்ளிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு தாள் வந்தது. மற்ற நான்கு பேரும் உண்மையில் யார், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுத வேண்டும். அதிகம் கண்டுபிடித்தவருக்கு அதிக மதிப்பெண்.

சிவகாமியின் பென்சில் ஓடியது. பள்ளிக்கூட வாத்தியார் என்ற அப்பாசாமி, யார் வந்தாலும் முதலில் பிடரியைத்தான் பார்க்கிறார், ஆகவே முடி வெட்டுகிறவர். விவசாயி என்ற பொன்னுதுரை, காலை அகட்டி வைத்துத்தான் நிற்கிறார், காகிதத்தை விரலிடுக்கில் செருகிக்கொள்கிறார், ஆகவே பஸ் கண்டக்டர். நான்காவது நாற்காலிக்காரரையும் எழுதி முடித்தாள்.

சுப்பையன் என்ற பெயருக்கு எதிரே பென்சில் நின்றது.

எழுதினால் என்ன? ரகசியத்தைச் சொல்வதாகாதே. எல்லார் கண் முன்னாலும் சோற்றைத் தள்ளி வைத்தான். 'இன்று போகி, ஆகவே காஜா பெராங்' என்று ஒரு வரி போதும். நியாயமான கண்டுபிடிப்புத்தான். இடம் கைக்கு வந்த மாதிரிதான். பென்சில் முனை தாளைத் தொட்டது. காலையில் திட்டு வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தானே, அந்த முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. வெறுமனே விட்டுவிட்டாள்.

கடைசியில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவள் தாளைத் தட்டிக் காட்டினார்.

"பிடரியைப் பார்த்ததையெல்லாம் கவனித்திருக்கிறீர்கள். சுப்பையன் சாப்பிடாததைக் கவனிக்கவில்லையா?"

"கவனிச்சேன் சார்."

"பின்னே ஏன் எழுதவில்லை?"

"சாப்பிடாம இருக்க ஆயிரம் காரணம் இருக்கும் சார். நீங்களுந்தான் இன்னைக்குச் சாப்பிடல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. சோதனை இத்துடன் முடியவில்லை. இன்று ராத்திரி எட்டு மணி வரை கணக்கு. அதற்குள் வீட்டில் யாராவது கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பெயரை அடித்துவிடுவேன். வீட்டு ஆட்களை ஏமாற்ற முடியாதவர் வெளியாட்களை எப்படி ஏமாற்றுவார்?"

எங்கள் அம்மாவை நீங்கள் பார்த்ததில்லையே சார் என்று சிவகாமி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

ஆறு மணிக்கெல்லாம் உள்ளறையில் இலை போட்டாயிற்று. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, புளி போட்ட மீன், சம்பால், வாஜிக் என்று படைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்தினார்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம் இருவருக்கும்.

"ஏன்டி, மேலெல்லாம் ஒரு மாதிரி வாசம் வருது? எதாச்சும் தின்னியா?" என்றாள் அலமேலு.

"ஆல்பம் ஒட்டின பசை வாசமா இருக்கும்மா."

அலமேலு மூக்கைச் சுருக்கினாள். அந்தச் சமயம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது, சிவகாமி பிழைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனம் முதலில் இறங்கினாள். அவளும் காஜா பெராங்கில் பிறந்தவள்தான். கல்யாணமாகிக் கோலாலம்பூர் போய் முப்பது வருடமாகிறது. பின்னால் இறங்கியவரைப் பார்த்ததும் சிவகாமி கையிலிருந்த தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. மூக்கு நுனியில் கண்ணாடி.

"இதுதான் என் மகன் தேவதாஸ். தண்ணிக்குழாய் இலாகாவுல இருக்கான்" என்றாள் பூங்காவனம்.

தேவதாஸ் சிவகாமியைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற ராஜரத்தினத்தைப் பார்த்தார். மறுபடி சிவகாமியின் கன்னத்தைப் பார்த்தார். ஊரையே வேவு பார்க்கிறவருக்குப் பெண் பார்க்க வந்த வீடு எதுவென்று தெரியாமல் போயிற்றே!

"எங்கேம்மா அந்த மச்சம்?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"அது படத்துல விழுந்த தூசிங்க" என்றாள் சிவகாமி.

அலமேலு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு பேரும் முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"இல்லை" என்றன மூன்று குரல்கள், ஒன்றாக.

கதவைத் திறந்து, சாப்பிட உட்கார்ந்ததும் தேவதாஸ் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மூன்றாம் முறை சோறு கேட்டார். பக்கத்தில் ராஜரத்தினம் தலையே நிமிரவில்லை.

"மத்தியானம் சாப்பிடலியா தம்பி?" என்றாள் அலமேலு, தேவதாஸைப் பார்த்து.

"ஆபீஸ் வேலை இருந்துச்சுங்க."

"ஞாயித்துக்கிழமை தண்ணிக்குழாய்க்கு என்ன வேலைலா?" என்று அலமேலு சிரித்துக்கொண்டே கேட்டாள். சிவகாமி அவசரமாக அவர் இலையில் இன்னொரு மீனை வைத்தாள்.

சாப்பாடு முடிந்தபோது மணி ஏழே முக்கால். இன்னும் கால் மணி நேரம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைத்தபடி சிவகாமி கோப்பி கலந்து எடுத்து வந்தாள். அப்பாவுக்கு ஒன்று, பூங்காவனத்துக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. தேவதாஸ் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, "சீனி போடல" என்றாள்.

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்கவா முடியும்?

"நில்லுடி" என்றாள் அலமேலு. "அவருக்குச் சீனி வேணாம்னு ஒனக்கு யார் சொன்னா?"

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஆசை, ஒரு கோப்பை கோப்பியில் மூழ்கிவிட்டது. சிவகாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தாம்மா சொன்னேன்" என்றான் ராஜரத்தினம்.

சிவகாமி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"மத்தியானம் பண்டார் ஹிலிர்ல ஒரு கோப்பிக் கடையில இவரப் பாத்தேன். சீனி வேணாம்னு தள்ளினாரு. இப்ப இவரு இங்க வந்ததும் இவகிட்ட சொன்னேன்."

"நீ ஜாசின்ல இல்ல இருந்த?"

"இல்லம்மா. அது பொய்."

சாதாரணமாகச் சொன்னான். காலையில் அத்தனை வசவையும் விழுங்கியவன், பசியோடு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவன், எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மைக்கூட்டை எறிகிற கை, வேலையையும் இப்படியா எறியும்? அவன் தாளில் ருக்மணி என்ற பெயருக்கு எதிரேயும் வெற்றிடம்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இப்படி ஓர் அண்ணனோடு போட்டி போட்டு ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

"அம்மா, அண்ணன் மேல தப்பில்ல. நான் இன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அத்தை, எல்லாருமே தப்பாச் சொல்றாங்க" என்று குறுக்கே வந்தது தேவதாஸின் குரல். "எனக்குச் சீனி இல்லாமக் கோப்பியே இறங்காது. கோப்பிக் கடைப்பக்கமும் நான் போகல. தம்பி வேற யாரையோ பாத்திருக்காரு."

சீனிக் கிண்ணத்தை இழுத்து, மூன்று கரண்டி போட்டார். கலக்கினார். எல்லோர் கண்ணும் பார்க்க, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ, மடக் மடக்கென்று பாதிக் கோப்பியைக் குடித்தார். பெயரை அடிக்க வேண்டியவரே பெயரைக் காப்பாற்றக் கஷ்டப்பட்டுச் சீனித்தண்ணீர் குடிக்கிறாரே என்று சிவகாமி அவரையே பார்த்தாள். மச்சம் வரைந்து அனுப்பியதற்காக முதன்முறையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடிகாரத்தில் எட்டடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அலமேலு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கோப்பி இறங்கும்போது அவர் முகம் போன போக்கை நிதானமாகப் பார்த்தாள்.

"தண்ணிக்குழாய் இலாகாவுல பொய் சொல்ல நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க தம்பி. ஒங்க மூஞ்சிக்குத்தான் இன்னும் பாடம் நடக்கல போலருக்கு."